நெஞ்சு சி.டி. ஸ்கேனுக்குப் போகும் முன்: மூச்சு, கிரியேட்டினின், பழைய படங்கள்

மகள்_கேட்கிறேன் எழுதியது:

அப்பாவுக்கு 62 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பல வருடம் முன்பு டி.பி. வந்து சிகிச்சையை முழுதாக முடித்தவர். இப்போது ஒரு மாதமாக இருமல், இரண்டு தடவை சளியில் ரத்தக் கீற்று. டாக்டர் சீட்டில் "சி.இ.சி.டி. செஸ்ட்" என்று எழுதியிருக்கிறார். சென்டரில் போன் பண்ணிக் கேட்டால், "எச்.ஆர்.சி.டி. எடுத்துக்கோங்க, ஊசி கிடையாது, காசும் கம்மி" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? கூட்டிப் போகும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கண்ட்ரோல்ரூம் எழுதியது:

ஒன்றில்லை அம்மா. மெஷின் ஒன்றுதான், எடுக்கும் விதம் வேறு.

சி.இ.சி.டி. என்றால் கை நரம்பில் அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி எடுப்பது. நெஞ்சின் நடுவில் இதயம், பெருநாடி, உணவுக்குழாய், நெறிக்கட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். மருந்து ஏற்றாத படத்தில் அத்தனையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். மருந்து போனதும் ரத்தக்குழாய்கள் வெளுத்துவிடும், கட்டி எது, குழாய் எது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

எச்.ஆர்.சி.டி. நுரையீரலின் நெசவைப் பார்க்க எடுப்பது. சுமார் 1 மி.மீ. தடிமனில் மெல்லிய படங்கள், மருந்து தேவையில்லை. நுரையீரல் தழும்பு நோய், மூச்சுக்குழல் விரிவு இவற்றுக்கு அதுதான் சரி. அதிலும் மூன்று நிலை உண்டு. மல்லாந்து படுத்து மூச்சை முழுதாக இழுத்து ஒன்று. தேவைப்பட்டால் குப்புறப் படுத்து ஒன்று, மூச்சை வெளியே விட்டு ஒன்று. மல்லாந்து படுத்திருப்பவரின் முதுகுப் பக்க நுரையீரல் தன் எடையிலேயே அமுங்கி மங்கலாகத் தெரியும். குப்புறப் படுத்ததும் அந்த மங்கல் போய்விட்டால் வெறும் அமுக்கம், போகாமல் நின்றால் நோய். மூச்சை விட்டு எடுப்பது, காற்று வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும் இடத்தைக் கண்டுபிடிக்க.

இன்றைய மெஷினில் சி.இ.சி.டி. எடுத்தால் அதே தரவிலிருந்து மெல்லிய நுரையீரல் படங்களையும் பிரித்துக்கொள்ளலாம். மருந்து ஏற்றாமல் எடுத்த படத்தில் பிறகு மருந்தைச் சேர்க்க வழியில்லை. காசு மிச்சம் என்று மாற்றி எடுத்துவிட்டு, "கான்ட்ராஸ்ட் வேண்டும்" என்று திரும்பி வந்தால் இரண்டு கட்டணம், இரண்டு மடங்கு கதிர்வீச்சு. மாற்றுவதானால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே மாற்றுங்கள்.

நெஞ்சகம் எழுதியது:

மேலே சொன்னது சரி. நுரையீரல் மருத்துவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். சீட்டில் என்ன ஸ்கேன் என்பது மட்டும் போதாது, என்ன சந்தேகம் என்பதும் இருக்க வேண்டும். "பழைய டி.பி., ஒரு மாத இருமல், சளியில் ரத்தம்" என்ற ஒரு வரி இருந்தால் ரிப்போர்ட் எழுதும் டாக்டரின் கண் போகிற இடமே மாறும். அந்த வரி இல்லையென்றால் நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், தப்பே இல்லை.

இவர் விஷயத்தில் காரணம் நேரடியானது. டி.பி. ஆறிய இடத்தில் சிலருக்கு ஒரு குழி மிஞ்சும். அந்தக் குழிக்குள் பூஞ்சை வளர்ந்து உருண்டையாகக் கிடக்கலாம். ரத்தம் வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். படத்தில் உருண்டைக்கு மேலே பிறை வடிவில் காற்று தெரியும். மல்லாந்து படுத்தால் உருண்டை முதுகுப் பக்கச் சுவரில் கிடக்கும், குப்புறப் படுக்க வைத்தால் உருண்டு எதிர்ச்சுவருக்கு வந்துவிடும். குழிச் சுவரிலேயே வளர்ந்த கட்டியாக இருந்தால் இடம் மாறாது. குப்புற ஒரு படம் சேர்த்து எடுக்கலாமா என்று டெக்னீஷியன் யோசிப்பதே சீட்டில் "பழைய டி.பி." என்று இருந்தால்தான்.

இன்னொன்று: படம் மட்டும் பார்த்து "டி.பி. மறுபடி வந்துவிட்டது" என்று முடிவு கட்ட முடியாது. துளிர்விட்ட கிளை போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும், ஆனால் வேறு தொற்றுகளிலும் அப்படி வரும். சளியில் சி.பி.நாட், அதாவது டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் சளியை முதலில் கொடுத்துவிடுங்கள். ரத்தம் கீற்றாக இல்லாமல் கட்டியாகவோ அதிகமாகவோ வந்தால் ஸ்கேன் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் அப்புறம், உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

வென்ஃப்ளான்_அக்கா எழுதியது:

ஊசிப் பக்கம் நான் சொல்கிறேன்.

முதலில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை. ஒரு மாதத்துக்குள் எடுத்த ரிசல்ட் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். இடையில் வாந்திபேதி, காய்ச்சல் என்று படுத்திருந்தால் புதிதாக எடுக்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து "1.4தானே, பரவாயில்லை" என்று நினைக்காதீர்கள். அதே 1.4, உடல் கட்டுள்ள 30 வயதுக்காரருக்கு வேறு, மெலிந்த 70 வயது அம்மாவுக்கு வேறு. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைக் கேளுங்கள், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதன் கணக்கு அது. 30-க்குக் கீழே இருந்தால்தான் பெரிய கவலை. அப்போது மருந்து தேவையா, நரம்பில் சலைன் ஏற்றி எடுக்கலாமா என்று டாக்டர்கள் பேசி முடிவு செய்வார்கள்.

அடுத்து மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. கான்ட்ராஸ்ட் மருந்தால் சிறுநீரகம் தடுமாறினால் மெட்ஃபார்மின் உடம்பில் தேங்கி ரத்தத்தில் அமிலம் ஏறலாம், அதற்காகத்தான் நிறுத்தச் சொல்வது. இ.ஜி.எஃப்.ஆர். 30-க்கு மேல் நிலையாக இருப்பவர்கள் நிறுத்தத் தேவையில்லை என்பதே இப்போதைய வழிகாட்டுதல். 30-க்குக் கீழே என்றால் ஸ்கேன் நேரத்திலிருந்து 48 மணி நேரம் நிறுத்தி, மறுபடி கிரியேட்டினின் பார்த்துத் தொடங்குவார்கள். எல்லோருக்குமே நிறுத்தச் சொல்லும் சென்டர்களும் நிறைய உண்டு. நிறுத்தச் சொன்னால் அந்த இரண்டு நாள் சர்க்கரைக்கு என்ன செய்வது என்று சர்க்கரை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"அப்பா மெட்ஃபார்மின் சாப்பிடவில்லை" என்று சொல்லும் முன் மாத்திரை அட்டையைத் திருப்பி, சின்ன எழுத்தைப் படியுங்கள். கிளிமிப்பிரைடு, வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின் என்ற சர்க்கரை மாத்திரைகள் பலவற்றில் மெட்ஃபார்மினும் சேர்ந்தே இருக்கும். அட்டையையே கையோடு கொண்டுபோவது நல்லது.

வலி மாத்திரை, குறிப்பாக டைக்ளோஃபினாக் வகை, அந்த இரண்டு மூன்று நாள் வேண்டாம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், இதய நோய்க்காகவோ சிறுநீரகத்துக்காகவோ தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் தவிர.

தென்காசிக்காரன் எழுதியது:

வெறும் வயிற்றில் வரச் சொல்கிறார்களே, அது எத்தனை மணி நேரம்? சிலர் 4 என்கிறார்கள், சிலர் 6. ராத்திரியிலிருந்தே பட்டினியாக வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

வென்ஃப்ளான்_அக்கா எழுதியது:

தம்பி, பழைய கான்ட்ராஸ்ட் மருந்துகளில் வாந்தி அதிகம், அதனால் வந்த பழக்கம் அது. இப்போதுள்ள அயனியற்ற மருந்துகளுக்குப் பட்டினி அவசியமில்லை என்றே ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனாலும் நம் ஊரில் பெரும்பாலான இடங்களில் 4 மணி நேரம் கேட்பார்கள், கேட்டால் அதன்படி போங்கள். தண்ணீருக்குத் தடை இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் காலையில் முதல் நேரமாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வரிசையில் உட்கார்ந்திருப்பதுதான் உண்மையான ஆபத்து. மருந்து ஏற்றாத ஸ்கேனுக்கு இட்லி சாப்பிட்டுவிட்டே வரலாம்.

ஊசி எங்கே என்பதும் முக்கியம். முழங்கை மடிப்பில், பச்சை அல்லது ரோஸ் நிற வென்ஃப்ளான் (நரம்பில் குத்தி வைக்கும் பிளாஸ்டிக் ஊசிக்குழாய்), அதாவது 18 அல்லது 20 கேஜ் தடிமன். புறங்கையில் நீல நிறம் போட்டு வார்டிலிருந்து அனுப்பிவிடுவார்கள், ஸ்கேன் அறைக்கு வந்ததும் மாற்ற வேண்டியிருக்கும். காரணம், மருந்தை ஒரு கருவி அழுத்தித் தள்ளுகிறது. சாதாரண நெஞ்சு ஸ்கேனுக்கு நொடிக்கு 2, 3 மி.லி., நுரையீரல் ரத்தக்குழாயில் கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோவுக்கு 4, 5 மி.லி. மொத்தம் 50 முதல் 100 மி.லி. மெல்லிய நரம்பு அந்த வேகத்தைத் தாங்காது. டயாலிசிஸ் ஃபிஸ்டுலா உள்ள கை, மார்பக அறுவையில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்து போகும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் போய்விட்டதைப் போலவே தோன்றும். போகாது. ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். இதை முன்பே சொல்லாவிட்டால் வயதானவர்கள் பயந்து அசைந்துவிடுவார்கள். ஊசி குத்திய இடத்தில் எரிச்சலும் வீக்கமும் வந்தால் மட்டும் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும், மருந்து நரம்புக்கு வெளியே போகிறது. கையை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். விரல் மரத்துப்போனாலோ, தோல் கொப்பளித்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ அன்றே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

மகள்_கேட்கிறேன் எழுதியது:

நன்றி அக்கா. அப்பாவுக்கு இறால் சாப்பிட்டால் உடம்பு தடித்துப் போகும். அயோடின் சேராது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.

நெஞ்சகம் எழுதியது:

இறால் அலர்ஜி இறாலின் தசைப் புரதத்தால் வருவது, அயோடினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெட்டாடின் தடவித் தோல் சிவந்ததும் இதே கதைதான். கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று: இதற்கு முன் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு ஏதாவது ஆனதா? தடிப்பு, முகவீக்கம், இளைப்பு, மயக்கம் எது வந்திருந்தாலும், மருந்தின் பெயர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வேறு மருந்து மாற்றிப் போடலாம், முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுக்கலாம். பரவலாக உள்ள முறை ஸ்கேனுக்கு 13, 7, 1 மணி நேரம் முன்பு பிரெட்னிசோலோன் 50 மி.கி., கடைசி டோஸோடு ஓர் அலர்ஜி மருந்து. டேபிளில் ஏறிய பிறகு "போன தடவை மூச்சு முட்டியது" என்று சொன்னால் அன்று ஸ்கேன் நடக்காது. சர்க்கரை உள்ளவருக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் டாக்டர் சொல்லாமல் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். தைராய்டு அதிகம் சுரப்பவர்கள், ரேடியோ அயோடின் சிகிச்சைக்கோ தைராய்டு ஸ்கேனுக்கோ தேதி வாங்கியிருப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மருந்தின் அயோடின் வாரக்கணக்கில் அதற்கு இடைஞ்சலாக நிற்கும். பால் கொடுக்கும் தாய்மார்கள் நிறுத்த வேண்டியதில்லை, பாலில் போவது மிகமிகச் சொற்பம்.

கண்ட்ரோல்ரூம் எழுதியது:

மூச்சைப் பற்றி யாரும் எழுதவில்லை. படம் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எக்ஸ்ரே டியூப் நெஞ்சைக் கடக்க 5 முதல் 10 நொடிதான். அந்த நேரத்தில் மூச்சு விட்டால், கீழ்ப்பகுதி நுரையீரல் உதரவிதானத்தோடு சேர்ந்து நகரும். ஒரே ரத்தக்குழாய் இரண்டாகத் தெரியும், மூச்சுக்குழல் விரிந்திருப்பதைப் போல ஏமாற்றும். பாதி மூச்சில் நிறுத்திவிட்டாலும் சிக்கல்தான். காற்று குறைந்த நுரையீரல் முழுதும் சாம்பல் பூசினாற்போல மங்கும், அதை நோயின் மங்கலிலிருந்து பிரிப்பது கஷ்டம்.

வீட்டில் இரண்டு நாள் பழக்குங்கள். மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டி, சாதாரணமாக இரண்டு மூச்சு. பிறகு வாய் வழியாக நன்றாக இழுத்து, தொண்டையை அடைத்து, மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். வயிறு அசையக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் தொப்புளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பத்து எண்ண முடியாதவர் எத்தனை வரை முடிகிறது என்று டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். கீழேயிருந்து மேலாக எடுக்கலாம்: அதிகம் நகரும் அடிப்பகுதி முதலிலேயே முடிந்துவிடும், கடைசி நொடியில் மூச்சு விட்டாலும் மேல்பகுதி அவ்வளவாக அசையாது.

மெஷின் சொல்லும் பதிவுக் குரல் பல இடங்களில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். "தமிழில் நீங்களே மைக்கில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். காது கேட்காதவர் என்றால் சில மெஷின்களில் முகப்பில் மூச்சைப் பிடிக்கச் சொல்லும் விளக்கு எரியும், அதை முன்பே காட்டிக் கொடுத்துவிடலாம்.

ஆஞ்சியோவுக்கு மட்டும் விதி வேறு. அங்கே முழு பலத்தோடு மூச்சை இழுத்தால், மருந்து கலக்காத ரத்தம் வயிற்றுப் பக்கத்திலிருந்து இதயத்துக்குள் பாய்ந்து மருந்தை நீர்த்துவிடும், குழாய் சரியாக வெளுக்காது. அதற்கு "லேசா இழுத்துப் பிடிங்க" என்போம்.

கை தூக்க முடியாத தோள்வலிக்காரர்கள் முன்பே சொல்லிவிட்டால் தலையணை வைத்துத் தாங்கிக்கொள்வோம். கை பக்கவாட்டில் இருந்தால் எலும்பின் நிழல் கோடுகோடாக நெஞ்சின் குறுக்கே விழும், கதிர்வீச்சும் கூடும்.

செயின், தாயத்து, கொக்கி வைத்த உள்ளாடை, ஊக்கு எல்லாம் எடுத்துவிட வேண்டும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் கழற்ற வேண்டியதில்லை, கழுத்துக்கு மேலே தாடைப் பக்கம் ஏற்றி வைத்துவிட்டால் போதும். அதில் கோத்திருக்கும் ஊக்குகளை மட்டும் எடுத்துவிடுங்கள். எம்.ஆர்.ஐ. மாதிரி காந்தம் கிடையாது, பேஸ்மேக்கர், ஸ்டென்ட், ஸ்டீல் பிளேட் இருந்தாலும் எடுக்கலாம். குகை மாதிரி குழாயும் இல்லை, இரண்டு பக்கமும் திறந்த வளையம்தான்.

தென்காசிக்காரன் எழுதியது:

கதிர்வீச்சு பற்றி யாராவது எண்ணோடு சொல்லுங்கள். கொரோனா இரண்டாம் அலையில் ஒரு சி.டி. 300 எக்ஸ்ரேக்குச் சமம் என்றார்கள், அதெல்லாம் இல்லை என்றும் சொன்னார்கள்.

டோஸ்_கணக்கு எழுதியது:

இரண்டு பேச்சும் எப்படி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரண நெஞ்சு சி.டி. 5 முதல் 7 மில்லி சீவெர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). குறைந்த டோஸில் எடுத்தால் 1 முதல் 1.5. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.02-லிருந்து 0.1 வரை. எதை எதனால் வகுக்கிறோமோ அதற்கேற்ப 10-ம் வரும், 300-ம் வரும். ஒப்பிடுவதானால் இயற்கையோடு ஒப்பிடுங்கள். மண், காற்று, விண்ணிலிருந்து ஒருவருக்கு வருடத்துக்கு உலக சராசரி 2.4 மில்லி சீவெர்ட். மணவாளக்குறிச்சி, கொல்லம் பக்கக் கடற்கரைகளில் கதிரியக்கமுள்ள மோனசைட் மணலால் அதைவிட அதிகம்.

உங்கள் அளவை நீங்களே பார்க்கலாம். படங்களோடு ஒரு டோஸ் பக்கம் இருக்கும், அதில் டி.எல்.பி. என்று ஓர் எண், அந்த ஸ்கேன் முழுவதிலும் மெஷின் கொடுத்த கதிரின் அளவு. பெரியவர்களின் நெஞ்சுக்கு அதை 0.014-ஆல் பெருக்குங்கள். 350 என்றிருந்தால் 4.9 மில்லி சீவெர்ட். நெஞ்சு மட்டும் ஒரே தடவை எடுத்ததில் 1000-ஐத் தாண்டியிருந்தால் ஏன் என்று கேட்பது உங்கள் உரிமை.

62 வயதில், ரத்தம் கலந்த இருமலுக்கு எடுக்கும் ஒரு ஸ்கேனில் இந்த அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. கவலைப்பட வேண்டியது 25 வயதுப் பிள்ளைக்குச் சளிக்காகவும், மனத்திருப்திக்காகவும் திரும்பத் திரும்ப எடுப்பதை. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே சொல்லுங்கள். வயிறு நேரடிக் கதிரில் வராது, குழந்தைக்குப் போவது மிகக் குறைவு, ஆனாலும் டாக்டர் தெரிந்து முடிவெடுக்க வேண்டும்.

நெஞ்சகம் எழுதியது:

ரிப்போர்ட் வந்த பிறகு அதிகம் தூக்கத்தைக் கெடுக்கும் சொல் "நாட்யூல்". சின்ன முடிச்சு, அவ்வளவுதான். டி.பி. அதிகமுள்ள நம் நாட்டில் ஆறிய வடு பலருக்கு இருக்கும். முழுதும் சுண்ணாம்பாகியிருந்தாலோ, நடுவில் கெட்டியாகச் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ பெரும்பாலும் பழைய சங்கதி. நெஞ்சுப் பட நிபுணர்களின் ஃப்ளீஷ்னர் சங்கம் 2017-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 6 மி.மீ.க்குக் குறைவான ஒற்றைத் திட முடிச்சுக்கு, புகைப்பழக்கம் போன்ற ஆபத்து இல்லாதவர்களுக்கு, மறு ஸ்கேனே தேவையில்லை. 6 முதல் 8 மி.மீ. என்றால் 6 முதல் 12 மாதத்தில் ஒரு மறு ஸ்கேன். 8 மி.மீ.க்கு மேல் போனால் 3 மாதத்தில் மறு சி.டி., பெட் ஸ்கேன், பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) என்று யோசிப்போம். 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

இங்கேதான் பழைய படங்களின் மதிப்பு. 8 மி.மீ. முடிச்சு 10 ஆனால் கேட்க 2 மி.மீ.தான், ஆனால் உருண்டையின் கொள்ளளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது. 5 மி.மீ. தடிமனில் எடுத்த ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அதைச் சொல்ல முடியாது. மெல்லிய படங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். ஐந்து வருடம் முன்பு இருந்த அதே அளவில் இப்போதும் இருக்கிறது என்று ஒரு பழைய டிஸ்க் காட்டிவிட்டால், ஒரு பயாப்சியே தேவையில்லாமல் போகலாம்.

கண்ட்ரோல்ரூம் எழுதியது:

அதனால் கவுன்டரில் கேட்டு வாங்குங்கள். "சிடி கொடுங்க" என்றால் சி.டி. ரிப்போர்ட் என்று நினைத்து ஃபிலிம் கவரை நீட்டுவார்கள், "படமெல்லாம் இருக்கிற டிஸ்க்" என்று சொல்லுங்கள். ஃபிலிமில் இருப்பது பொறுக்கி எடுத்த சில படங்கள், டிஸ்க்கில் முந்நூறுக்கு மேல் இருக்கும். மெல்லிய படங்களும் அதில் ஏற்றியிருக்கிறதா என்று கேளுங்கள், சில இடங்களில் தடிமனானவை மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் முழு ஃபோல்டரையும் அப்படியே பென் டிரைவில் நகல் எடுங்கள். ஃபிலிமைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாராலும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. ஃபிலிமை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், இப்போதுள்ள உலர் ஃபிலிம் சூட்டில் கறுத்துப்போகும்.

மகள்_கேட்கிறேன் எழுதியது:

கிரியேட்டினின் 1.1, இ.ஜி.எஃப்.ஆர். 70-க்கு மேல் இருக்கிறது. சளியும் கொடுத்தாகிவிட்டது. புதன்கிழமை காலை 7 மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. முடிந்ததும் உடனே கூட்டி வந்துவிடலாமா?

வென்ஃப்ளான்_அக்கா எழுதியது:

அரை மணி நேரம் அங்கேயே உட்கார வையுங்கள் அம்மா. கடுமையான அலர்ஜி வந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். அதுவரை வென்ஃப்ளானை எடுக்க விடாதீர்கள், அவசரத்தில் மருந்து போட அந்த வழிதான் கைகொடுக்கும். அரிப்பு, தும்மல், தொண்டை அடைப்பு என்று எது வந்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். டிபன் டப்பாவைக் கையில் வைத்திருங்கள், ஸ்கேன் முடிந்ததும் சாப்பிடட்டும். அன்று தண்ணீர் வழக்கத்தைவிட இரண்டு மூன்று டம்ளர் அதிகம்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் வரைக்கும் தோலில் தடிப்பு வரலாம். பெரும்பாலும் தானாகவே அடங்கும். வந்தால் போட்டோ எடுத்து, கான்ட்ராஸ்ட் மருந்தின் பெயரை ஸ்கேன் சென்டரில் கேட்டு ரிப்போர்ட் கவரின் மேலேயே எழுதி வையுங்கள். அடுத்த ஸ்கேனில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.